டேக் ஒட்டச் சொல்வது கடை, செலவு யார் கணக்கில்?

2003 ஜூன் மாதம் சிகாகோவில் நடந்த ஒரு சில்லறை வணிக மாநாட்டில் வால்மார்ட்டின் தகவல் தொழில்நுட்பத் தலைவர் லிண்டா டில்மன் ஓர் அறிவிப்பு செய்தார். வால்மார்ட்டின் முதல் 100 பெரிய சப்ளையர்கள், 2005 ஜனவரியிலிருந்து, அதன் குடோன்களுக்கு அனுப்பும் பேலட்டிலும் (கார்ட்டன்களை அடுக்கும் பலகைத் தட்டு) கார்ட்டனிலும் ஆர்எஃப்ஐடி டேக், அதாவது ரேடியோ அலையில் தன் எண்ணைச் சொல்லும் சிப் வைத்த ஸ்டிக்கர், ஒட்டித்தான் அனுப்ப வேண்டும் என்பதுதான் அது. கையில் இருந்தது ஒன்றரை வருஷம். உலகின் மிகப் பெரிய சில்லறை வியாபாரி சொன்னால் அது வேண்டுகோள் அல்ல, கட்டளை. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் தன் சப்ளையர்களுக்கு அதே மாதிரி உத்தரவு போட்டது. ஜெர்மனியின் மெட்ரோ, அமெரிக்காவின் டார்கெட் என்று மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

அப்புறம் நடந்தது எதிர்பார்த்த மாதிரி இல்லை. சில வருஷங்களில் அந்தக் கட்டளை சத்தமில்லாமல் தளர்ந்துபோனது. பல பேர் ஆர்எஃப்ஐடி தோற்றுவிட்டது என்று எழுதினார்கள். ஆனால் இன்றைக்கு அதே வால்மார்ட் சட்டை, பேன்ட்டில் தொடங்கி பொம்மை, பாத்திரம் வரைக்கும் டேக் கேட்கிறது, சப்ளையர்களும் ஒட்டி அனுப்புகிறார்கள். முதல் முறை ஏன் ஓடவில்லை, இரண்டாம் முறை ஏன் ஓடியது என்பதற்குத் தொழில்நுட்பம் வளர்ந்ததை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. டேக்குக்குக் காசு கொடுப்பவர் யார், அதனால் பலன் அடைபவர் யார் என்பதுதான் என் பார்வையில் பெரிய காரணம். அதைப் புரிந்துகொள்ளாமல் கடைக்காரர் கேட்டாரே என்று டேக்கைப் படிக்கும் ரீடரும் அச்சடிக்கும் பிரிண்டரும் வாங்கிப் போடும் குடோன்களுக்குச் செலவு மட்டும்தான் மிஞ்சும்.

முதலில் இந்த டேக் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் இருக்கிறதல்லவா, குடோனில் பேசும் டேக்கும் அதே குடும்பம்தான். பேட்டரி கிடையாது. ஒரு கடுகளவு சிப், அதோடு சேர்ந்த மெல்லிய அலுமினிய ஆன்டெனா, அவ்வளவுதான். ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சக்தியை எடுத்துக்கொண்டு, தன் எண்ணை அந்த அலையிலேயே ஏற்றித் திருப்பி அனுப்புகிறது. அமெரிக்காவில் இதற்கான அலைவரிசை 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ். இந்தியாவில் 2005 முதல் 865-867 மெகாஹெர்ட்ஸை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று இருந்தது, 2021-இல் அதை 868 வரை நீட்டினார்கள். இரண்டு நாட்டிலும் வேலை செய்ய வேண்டும் என்பதால்தான் ஏற்றுமதிச் சரக்குக்கான டேக்குகளை 860 முதல் 960 வரை பதில் சொல்லும்படி வடிவமைக்கிறார்கள்.

பார்கோடோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இரண்டு. பார்கோடை ஸ்கேனர் பார்த்தாக வேண்டும், டேக்கை நேரில் பார்க்க வேண்டியதில்லை, மூடிய கார்ட்டனுக்குள்ளே இருந்தாலும் சில மீட்டர் தூரத்திலிருந்து நூற்றுக்கணக்கில் படித்துவிடலாம். இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். இரண்டாவது வித்தியாசத்தை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை, ஆனால் அதுதான் முக்கியம். கடையில் சோப்பின் மேல் இருக்கும் பார்கோடு 'இது இன்ன கம்பெனியின் இன்ன சோப்' என்று மட்டும் சொல்லும், ஒரே வகைச் சோப் எல்லாவற்றுக்கும் ஒரே எண். டேக்கில் ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண். வழக்கமான 96 பிட் எண்ணில் கடைசி 38 பிட் வரிசை எண்ணுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது, அதாவது ஒரே மாடல் சட்டையில் 27,000 கோடிக்கும் மேற்பட்ட சட்டைகளுக்குத் தனித்தனி அடையாளம் கொடுக்கலாம். ஒரு கார்ட்டனை இரண்டு முறை எண்ணிவிட்டோமா என்ற சந்தேகமே வராது.

இந்த யோசனை பெரிதாக வளர்ந்தது அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில். பிராக்டர் அண்ட் கேம்பிளில் வேலை பார்த்த கெவின் ஆஷ்டன், கம்பெனியிடம் சரக்கு இருந்தும் கடை ஷெல்ஃபில் மட்டும் லிப்ஸ்டிக் தீர்ந்துபோய்க் கிடப்பதைப் பார்த்து இதில் இறங்கியவர். அவரும் எம்ஐடி பேராசிரியர் சஞ்சய் சர்மா, டேவிட் பிராக் முதலானவர்களும் சேர்ந்து 1999-இல் ஆட்டோ-ஐடி மையத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம், சிப்பில் எதையும் சேமிக்க வேண்டாம் என்று முடிவெடுத்ததுதான். சிப்பில் ஒரே ஓர் எண் இருந்தால் போதும், அந்தப் பொருளைப் பற்றிய மற்ற எல்லாத் தகவலும் கணினி வலையில் இருக்கட்டும். சிப் சின்னதாகும், விலை குறையும். டேக் ஒன்று 5 சென்டுக்கு வந்துவிட்டால் உலகமே ஒட்டும் என்பது அவர்களுடைய கணக்கு.

ஆனால் வால்மார்ட் கட்டளை வந்தபோது 5 சென்ட் டேக் எங்கும் கிடையாது. 20 சென்ட், 30 சென்ட், சின்ன ஆர்டராக இருந்தால் இன்னும் மேலே. 30 சென்ட் டேக்கை 12 பாட்டில் உள்ள ஒரு கார்ட்டனில் ஒட்டினால் பாட்டிலுக்கு இரண்டரை சென்ட் கூடுகிறது. மளிகைச் சாமான் விற்பவர்களுக்கு லாபமே சென்ட் கணக்கில்தான்.

விலை மட்டும் பிரச்சினை இல்லை. தரநிலையும் தயாராக இல்லை. அன்றைக்குச் சந்தையில் ஒன்றோடொன்று பேசாத இரண்டு வகை டேக்குகள் இருந்தன, கிளாஸ் 0 என்று ஒன்று, கிளாஸ் 1 என்று ஒன்று. எல்லாருக்கும் பொதுவான ஜென் 2 தரநிலை ஒப்புதல் பெற்றது 2004 டிசம்பரில், அதாவது கெடுவுக்குச் சில வாரங்கள் முன்னால். கெடுவுக்குப் பயந்து சீக்கிரமே சாமான் வாங்கிப் போட்டவர்கள் ஒன்றிரண்டு வருஷத்தில் மறுபடியும் மாற்ற வேண்டிவந்தது. பொதுவாக முதலில் கீழ்ப்படிந்தவருக்குப் பரிசு கிடைக்க வேண்டும், இங்கே அவருக்குத்தான் இரட்டைச் செலவு. இதை அநியாயம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

அப்புறம் இயற்பியல். இந்த அலைவரிசையின் அலைநீளம் சுமார் 33 சென்டிமீட்டர். தண்ணீர் இந்த அலையை உறிஞ்சிவிடும், உலோகம் திருப்பியடித்துவிடும். டிஷ்யூ பேப்பர், டயபர் போன்ற உலர்ந்த சரக்கு நிறைந்த பேலட்டை ரீடர் முன்னால் கொண்டுபோனால் ஏறக்குறைய எல்லாக் கார்ட்டனும் பதில் சொல்லும். ஷாம்பூ, திரவ சோப்பு, தகர டின்னில் அடைத்த சூப் என்றால் பேலட்டின் வெளிப்பக்கம் இருப்பவை பதில் சொல்லும், நடுவில் மாட்டிக்கொண்டவை மௌனமாகிவிடும். அதனால் டேக் எங்கே ஒட்டுவது என்பதே ஒரு வேலையாகிவிட்டது. ஷாம்பூக் கார்ட்டன் என்றால் பாட்டில் கழுத்துகளுக்கு நடுவே காற்று இருக்கும் மேல்பகுதியில் ஒட்ட வேண்டும், இரண்டு அங்குலம் கீழே இறங்கினால் பாட்டிலில் உள்ள திரவம் அலையைத் தின்றுவிடும். பெட்டி வடிவம் மாறினால் மறுபடி சோதனை. ஒவ்வொரு பொருளுக்கும் இப்படி இடம் கண்டுபிடிக்கப் பெரிய கம்பெனிகள் தனி ஆய்வகமே வைத்தன.

2004 ஏப்ரல் கடைசியில் டெக்சாஸில் சோதனை ஆரம்பித்தது. சேங்கர் ஊரில் உள்ள ஒரு வால்மார்ட் விநியோக மையம், டல்லஸ் வட்டாரத்தில் 7 கடைகள். பிராக்டர் அண்ட் கேம்பிள், ஜில்லெட், கிம்பர்லி-கிளார்க், யூனிலீவர், கிராஃப்ட், ஜான்சன் அண்ட் ஜான்சன், ஹெச்பி, நெஸ்லே பூரினா என்று எட்டுக் கம்பெனிகள், 21 பொருள்கள். வால்மார்ட்டின் பெரிய கடையான ஒரு சூப்பர் சென்டரில் லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள் இருக்கும்போது 21 என்பது கைப்பிடி அளவுதான், ஆனால் ரீடர்களை வைத்த இடங்கள் நன்றாக யோசித்து வைத்தவை. லாரி வந்து நிற்கும் கதவில் ஒன்று, கடையின் பின்னறையிலிருந்து விற்பனைத் தளத்துக்குப் போகும் வாசலில் ஒன்று, காலிப் பெட்டிகளை நசுக்கும் எந்திரத்துக்குப் பக்கத்தில் ஒன்று. ஒரு கார்ட்டன் பின்னறைக்கு வந்ததும் தெரியும், வெளியே போனதும் தெரியும், பெட்டி நசுக்க வந்தால் உள்ளிருந்த சரக்கு ஷெல்ஃபில் ஏறிவிட்டது என்றும் தெரியும். பில் போட்ட கணக்கோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், ஷெல்ஃபில் தீர்ந்துவிட்டது ஆனால் பின்னறையில் இருக்கிறது என்ற பட்டியல் தானாகவே வந்துவிடும்.

பலன் இருந்தது. ஆர்கன்சா பல்கலைக்கழகம் ஆர்எஃப்ஐடி உள்ள 12 கடைகளையும் இல்லாத 12 கடைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து 2005 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வில், சரக்கு தீர்ந்துபோகும் நிலை 16 சதவீதம் குறைந்தது என்றும், தீர்ந்துபோன பொருள் ஷெல்ஃபுக்குத் திரும்பும் வேகம் டேக் உள்ளவற்றுக்கு மூன்று மடங்கு என்றும் சொன்னார்கள். சின்ன விஷயம் இல்லை. வாங்க வந்தவர் பொருள் இல்லாமல் திரும்பிப்போனால் இழப்பு கடைக்கும் உண்டு, தயாரித்தவருக்கும் உண்டு. தன் ரீடர்கள் படித்த தகவலை வால்மார்ட் தன்னுடைய ரீடெய்ல் லிங்க் என்ற கணினி அமைப்பு வழியாகச் சப்ளையர்களுக்கும் கொடுத்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

அப்படியென்றால் ஏன் படுத்தது? சப்ளையரின் குடோனுக்குள் போய்ப் பார்த்தால்தான் புரியும்.

ஒரு சோப்புக் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலை லைனில் சோப்பு வந்து விழும்போது எந்தக் கார்ட்டன் வால்மார்ட்டுக்குப் போகும், எது வேறு கடைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. ஆர்டர் வந்த பிறகுதான் பிரிப்பார்கள். லைனிலேயே டேக் ஒட்டினால் எல்லாக் கார்ட்டனுக்கும் ஒட்ட வேண்டும், டேக் கேட்காத கடைகளுக்குப் போகும் பெரும்பங்குக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டும். கட்டளையோ முதலில் டெக்சாஸில் உள்ள ஒருசில மையங்களுக்கு மட்டும்தான், மொத்த உற்பத்தியில் அது சிறு துளி. அதனால் பெரும்பாலான கம்பெனிகள் மலிவான வழியைப் பிடித்தன. லாரி ஏற்றும் கடைசி நேரத்தில் வால்மார்ட் பேலட்டை மட்டும் ஒதுக்கி, சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கை அறுத்து, கார்ட்டன் கார்ட்டனாக இறக்கி, டேக் அச்சடித்து ஒட்டி, ரீடரில் ஒரு தடவை படிக்கிறதா என்று பார்த்து, படிக்காததற்கு வேறு டேக் ஒட்டி, மறுபடி அடுக்கி, மறுபடி சுற்றி ஏற்றுவார்கள். இந்தத் துறையில் இதற்கு 'ஸ்லாப் அண்ட் ஷிப்' என்று பெயர். ஒட்டு, ஏற்று, மற.

இப்படிச் செய்தால் கட்டளை நிறைவேறிவிடும், அபராதம் வராது. ஆனால் சரக்கு சப்ளையரின் கையில் இருந்த காலம் முழுக்க டேக் இல்லாமலே இருந்தது, கையை விட்டுப் போகும் அந்த நிமிஷத்தில்தான் டேக் ஏறுகிறது. உற்பத்தியிலிருந்து குடோனுக்கு வந்தது எவ்வளவு, எந்த ரேக்கில் இருக்கிறது, ஆர்டருக்குச் சரக்கு எடுக்கும் பிக்கிங் சரியாக நடந்ததா, பேலட்டில் தப்பான கார்ட்டன் ஏறியதா, இதில் எதையும் அந்த டேக் சொல்லாது, ஏனென்றால் அந்த வேலைகளின்போது அது அங்கே இல்லவே இல்லை. பலன் முழுக்க அடுத்தவர் கதவுக்கு அந்தப் பக்கம், செலவு முழுக்க இந்தப் பக்கம். ஆள் கூலி, டேக் விலை, பிரிண்டர், சாஃப்ட்வேர், இதெல்லாம் போட்ட பிறகு அந்தக் குடோன் மேனேஜர் ஆர்எஃப்ஐடியை ஒரு வரிச்சுமையாகப் பார்த்தார் என்றால் அவரைக் குறை சொல்ல முடியாது.

வால்மார்ட்டும் எல்லா மையத்திலும் எல்லாக் கடையிலும் ரீடர் மாட்டவில்லை. ரீடர் இல்லாத இடத்துக்குப் போன டேக் வெறும் ஸ்டிக்கர். கடையில் ரீடர் இருந்தாலும் 'பின்னறையில் சரக்கு இருக்கிறது, எடுத்து வை' என்று பட்டியல் சொன்னதை ஓர் ஆள் போய் எடுத்து வைத்தால்தான் பலன். சப்ளையர் எவ்வளவு ஒழுங்காக ஒட்டினாலும் அந்தக் கடைசி இருபதடி தூரம் அவர் கையில் இல்லை.

2008-இல் வால்மார்ட்டின் கிளைக் கடையான சாம்ஸ் கிளப் வேறு வழியில் முயன்றது. டெக்சாஸ் டிசோட்டோ மையத்துக்கு ஜனவரி 30-க்குப் பிறகு டேக் இல்லாமல் வரும் ஒவ்வொரு பேலட்டுக்கும் 2 டாலர் கட்டணம் என்று கடிதம் அனுப்பியது. அதன்பின் படிப்படியாக மற்ற மையங்கள், பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் டேக் என்று திட்டம். ஒரு வருஷம் கழித்து, 2009 ஜனவரியில், அந்த 2 டாலர் 12 சென்டாகக் குறைந்துபோனது. டேக் இல்லையென்றால் நாங்களே ஒட்டிக்கொள்கிறோம், அந்தச் செலவை மட்டும் கொடுங்கள் என்ற நிலைக்கு இறங்கினார்கள். கட்டளை போட்டவரே பேலட்டுக்கு 12 சென்டில் ஒட்டிக்கொள்ள முடியும் என்றால் சப்ளையர் எதற்காகத் தன் குடோனில் தனியாக ஒரு லைன் வைக்க வேண்டும்? பேலட், கார்ட்டன் அளவிலான முதல் அலை இத்தோடு அடங்கியது.

இரண்டாவது அலை துணியிலிருந்து வந்தது.

2010 ஆகஸ்டில் வால்மார்ட் ஆண்கள் ஜீன்ஸிலும் உள்ளாடையிலும் ஒவ்வொரு பீஸுக்கும் டேக் வைக்கத் தொடங்கியது. ஜீன்ஸ் என்பது ஒரே பொருள் மாதிரி தெரியும், ஆனால் இடுப்பு அளவு, உயரம், நிறம், கட் என்று பெருக்கினால் ஒரே அலமாரியில் நூற்றுக்கணக்கான வகை. 34 இடுப்பு 32 உயரம் தேடி வருபவருக்கு 36 இருந்து பிரயோஜனம் இல்லை. வாடிக்கையாளர் பிரித்துப் பார்த்து வேறு அடுக்கில் வைத்துவிட்டால் கணினியில் 'இருக்கிறது' என்று காட்டும், கையில் கிடைக்காது. சில்லறைக் கடைகளில் ஸ்டாக் கணக்கின் துல்லியம் சுமார் 65 சதவீதம்தான், ஆர்எஃப்ஐடி வைத்தால் 95-க்கு மேல் போகும் என்று ஆபர்ன் பல்கலைக்கழக ஆர்எஃப்ஐடி ஆய்வகம் தொடர்ந்து சொல்லிவருகிறது (ஆர்கன்சாவில் இருந்த அதே ஆய்வகம்தான், 2014-இல் ஆபர்னுக்கு இடம் மாறியது). பார்கோடில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை ராத்திரி முழுக்க எண்ண வேண்டியதைக் கையடக்க ரீடரை அலமாரி முன்னால் வீசிக்கொண்டே நடந்து வாராவாரம் எண்ணிவிடலாம்.

துணிக்கு மற்ற வசதிகளும் கூடி வந்தன. துணி இந்த அலையைத் தடுக்காது. ஏற்கெனவே விலை அட்டை ஒன்று தொங்குகிறது, அதற்குள்ளேயே டேக்கை வைத்துவிடலாம், தனியாக ஒட்டும் வேலை இல்லை. ஒரு சட்டையின் விலையில் சில சென்ட் என்பது தாங்கக்கூடியது, அதற்குள் டேக் விலையும் அந்தப் பழைய 5 சென்ட் கனவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. வாங்கியவர் வீட்டுக்குப் போய் அட்டையைக் கத்தரித்துப் போட்டுவிடுவார் என்பதால் அந்தரங்கக் கவலையும் ஓரளவு அடங்கியது. 2003-இல் பெனட்டன் என்ற துணிக் கம்பெனி தன் உடைகளிலேயே டேக் தைக்கப்போகிறது என்ற செய்தி வந்ததும் புறக்கணிப்பு இயக்கமே நடந்தது, வாங்கியவரை யாரோ பின்தொடர்வார்கள் என்ற அந்தப் பயத்தைத் தேவையில்லாதது என்று ஒதுக்கிவிட முடியாது. ஜென் 2 தரநிலையில் கடவுச்சொல் கொடுத்து டேக்கை நிரந்தரமாகக் கொன்றுவிடும் கட்டளை வைத்திருப்பதும் அதற்காகத்தான்.

ஆனால் நான் ஆரம்பத்தில் சொன்ன கேள்விக்கு நல்ல பதில் வால்மார்ட்டிடம் இல்லை, ஜாராவிடமும் டெகாத்லானிடமும் யூனிக்ளோவிடமும் இருக்கிறது. துணி, விளையாட்டுச் சாமான் கடைகளான இவர்கள் விற்பது பெரும்பாலும் தங்கள் சொந்தச் சரக்கு. டேக்குக்குக் காசு கொடுப்பவரும் இவர்கள்தான், ஸ்டாக் சரியானால் லாபம் பார்ப்பவரும் இவர்கள்தான். ஜாராவின் தாய் நிறுவனமான இன்டிடெக்ஸ், திருட்டைத் தடுக்க மாட்டும் கெட்டியான பிளாஸ்டிக் டேக்குக்குள்ளேயே சிப்பை வைத்து, பில் போடும்போது கழற்றி, மறுபடி அடுத்த சட்டைக்கு மாட்டியது. ஒரே சிப் பல சட்டைகளுக்கு உழைக்கும்போது பீஸுக்கு எவ்வளவு என்ற கவலையே குறைந்துவிடுகிறது. யூனிக்ளோவில் எடுத்த துணிகளை அப்படியே தொட்டிக்குள் வைத்தால் பில் வந்துவிடும். இவர்களுக்கு யாரும் கட்டளை போடவில்லை, கணக்கு ஒரே பையில் இருந்ததால் தாங்களாகவே செய்தார்கள். செலவும் வரவும் வெவ்வேறு பைகளில் இருக்கும் இடத்தில்தான் கட்டளை தேவைப்படுகிறது.

ஆன்லைனில் ஆர்டர் போட்டுக் கடையில் வந்து எடுத்துக்கொள்ளும் வியாபாரம் வளர்ந்த பிறகு வால்மார்ட்டுக்கு இன்னும் அவசரம் கூடியது. இருக்கிறது என்று இணையத்தில் காட்டிவிட்டுக் கடையில் இல்லையென்றால் மானம் போகும். 2022 செப்டம்பர் கெடுவாக வைத்து வீட்டு உபயோகப் பொருள், விளையாட்டுச் சாமான், பொம்மை, எலக்ட்ரானிக்ஸ் வரைக்கும் டேக் கட்டாயத்தை விரித்தது. 2003 கட்டளைக்கும் இதற்கும் ஒரு நல்ல வித்தியாசம் உண்டு: எந்த டேக் ஒட்டினாலும் சரி என்று விடவில்லை. ஆபர்ன் ஆய்வகம் ஏஆர்சி என்ற திட்டத்தின் கீழ் டேக் வடிவங்களைச் சோதித்து, எந்த வகைச் சரக்குக்கு எந்த டேக் ஏற்கத்தக்கது என்று பட்டியல் தருகிறது, அதிலிருந்து எடுத்தால் போதும். முதல் அலையில் ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாக ஆய்வகம் வைத்துக் கண்டுபிடித்ததை இப்போது ஒரே இடத்தில் செய்கிறார்கள். சின்ன சப்ளையருக்கு இது உண்மையான உதவி.

நம் ஊரில் இந்தக் கட்டளை வந்து சேரும் இடம் திருப்பூர் மாதிரியான ஏற்றுமதி ஊர்கள்தான். பையர், அதாவது சரக்கை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, தரும் ஆர்டரோடு டேக் விவரமும் வரும், எந்தக் கம்பெனியிடம் வாங்க வேண்டும் என்பதும் சேர்ந்தே வரும், எண் எழுதப்பட்ட டேக் ரோலாகவோ தொங்கும் அட்டையாகவோ வந்து இறங்கும். பேக்கிங் டேபிளில் அதைச் சட்டையில் கோத்துப் பாலிபேக் போட்டுக் கார்ட்டனில் அடுக்கி அனுப்பினால் முடிந்தது என்று நினைத்தால், பழைய ஸ்லாப் அண்ட் ஷிப் கதைதான் இங்கேயும். ஆனால் இங்கே ஒரு பெரிய வாய்ப்பு இருக்கிறது, அதை விட்டுவிடுகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம். சோப்புக் கம்பெனிக்கு எந்தக் கார்ட்டன் யாருக்குப் போகும் என்று தெரியாது. பின்னலாடை ஏற்றுமதியாளருக்கு நூல் வாங்கும்போதே தெரியும், மொத்த ஆர்டரும் ஒரே பையருக்குத்தான். டேக் பேக்கிங்கிலேயே ஏறிவிடுகிறது. அதன்பிறகு கார்ட்டன் மூடுவது, குடோனில் அடுக்குவது, கண்டெய்னர் ஏற்றுவது எல்லாமே டேக்கோடுதான் நடக்கிறது. அதாவது காசு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, பலனை எடுத்துக்கொள்ள ஒரு ரீடர்தான் பாக்கி.

அந்த ரீடர் முதலில் வேண்டியது கார்ட்டன் ஒட்டும் இடத்தில். சைஸ் விகிதப்படி எஸ், எம், எல், எக்ஸ்எல் கலந்து அடுக்கிய கார்ட்டனை ரீடர் உள்ள ஒரு பெட்டிக்குள் தள்ளினால் உள்ளே எத்தனை பீஸ், எந்தெந்த சைஸ் என்று சில விநாடியில் தெரியும். ஆர்டரில் உள்ளதோடு ஒத்துவந்தால் மட்டும் கார்ட்டன் லேபிள் அச்சாகட்டும், இல்லையென்றால் அச்சாகவே கூடாது. கார்ட்டனில் ஒரு எல் குறைந்து ஓர் எம் கூடிப்போனது என்பது அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டால் பில்லில் பிடித்தம், இங்கேயே கண்டுபிடித்தால் இரண்டு நிமிஷ வேலை. அதோடு, குறைவாக வந்தது என்று ஆறு மாதம் கழித்து யாராவது பிடித்தம் செய்தால் இன்ன கார்ட்டனில் இன்ன வரிசை எண்கள் இருந்தன என்று காட்ட ஒரு பதிவு கையில் இருக்கும். ஏற்றுமதியாளர்கள் இதுநாள் வரை வாயை மூடிக்கொண்டு ஒத்துக்கொண்ட பிடித்தங்களுக்கு எதிராக வாதாட இதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

இரண்டாவது கவனம் எண்ணில். ஒரே ஸ்டைலை இரண்டு யூனிட்டிலோ இரண்டு கம்பெனியிலோ தைத்தால் இரண்டு இடத்திலும் வரிசை எண் ஒன்றிலிருந்து தொடங்கிவிடக் கூடாது. இரண்டு சட்டைக்கு ஒரே எண் வந்தால் ரீடர் அதை ஒரே சட்டையாகத்தான் எண்ணும், நீங்கள் 200 அனுப்பியிருந்தாலும் கடை 190 என்று சொல்லும், தப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஆளுக்கு ஓர் எண் வரம்பு பிரித்துக் கொடுப்பது ஒரு வழி. சிப் தயாரிக்கும்போதே அதில் பதிந்திருக்கும் தனி எண்ணை அடிப்படையாக வைத்து வரிசை எண்ணை உருவாக்குவது இன்னொரு வழி, பெரிய சிப் கம்பெனிகள் இதற்கு ஒருங்கிணைந்த முறை வைத்திருக்கின்றன. அதேபோல டேக் மீந்துபோனால் அடுத்த ஆர்டருக்கு எடுத்துக் கோப்பது, சைஸ் மாறிய அட்டையை அப்படியே மாட்டுவது போன்ற பழக்கங்கள் பார்கோடு காலத்தில் எப்படியோ தப்பின, இங்கே தப்பாது. அட்டையில் எம் என்று அச்சாகியிருக்கும், சிப் எல் என்று சொல்லும், கடை சிப்பைத்தான் நம்பும்.

மூன்றாவது, குடோன் கதவு. இரண்டு கதவு பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மூன்றாம் கதவின் ரீடர் நான்காம் கதவில் நிற்கும் சரக்கையும் படிக்கும். ரீடரின் சக்தியைக் கூட்டினால் நன்றாகப் படிக்கும் என்று எல்லோரும் முதலில் கூட்டத்தான் பார்ப்பார்கள், உண்மையில் பல இடத்தில் குறைக்க வேண்டியிருக்கும், உலோகத் தடுப்பு வைக்க வேண்டியிருக்கும். ஸ்டீல் ரேக் நிறைந்த குடோனில் அலை எதிரொலித்து எங்கெங்கோ போகும். ரீடர் விற்பவர் தன் ஷோரூமில் காட்டும் டெமோவை நம்பி ஆர்டர் போடாமல், உங்கள் குடோனில், உங்கள் சரக்கை வைத்து, லாரி நிற்கும் நேரத்தில் ஒரு வாரமாவது ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பேரம். டேக் விலை, கோக்கும் கூலி, வீணாகும் டேக், இதையெல்லாம் பீஸ் விலையில் தனி வரியாகக் காட்டிக் கேட்க வேண்டும், மொத்தச் செலவில் கரைத்துவிட்டால் அடுத்த சீசனில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. காசோடு தகவலையும் கேட்க வேண்டும். உங்கள் கார்ட்டனைக் கடையின் குடோனில் என்றைக்குப் படித்தார்கள், எத்தனை படித்தார்கள், எந்த சைஸ் முதலில் தீர்ந்தது என்பது பையரிடம் இருக்கிறது. 2004-லேயே வால்மார்ட் அந்தத் தகவலைப் பெரிய சப்ளையர்களுக்குக் கொடுத்திருக்கிறது, ஆகவே கொடுக்க முடியாத ரகசியம் என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த ஆர்டரின் சைஸ் விகிதத்தைப் பேச உட்காரும்போது ஆர்டரைக் கவனிக்கும் உங்கள் மெர்ச்சண்டைசர் கையில் அந்தக் கணக்கு இருக்க வேண்டும்.